வெருலம் பக்கம் கரும்புக்காட்டுக்குள் பழைய இடுகாடு: தோண்டாமல், கெடுக்காமல் பதிவது எப்படி?

வெருலம்_வாசி
எல்லோருக்கும் வணக்கம். டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கம், பழைய கரும்புத் தோட்ட நிலத்தின் ஓரத்தில் இந்தியர் இடுகாடு ஒன்று. மேலே கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 40 குழி. எழுத்துள்ள கல் 9. அதில் தமிழ் 5, ஆங்கிலம் 2, இரண்டு படிக்க வரவில்லை. மற்றதெல்லாம் செங்கல் விளிம்பு, சிமெண்டுப் பாளம், வெறும் பள்ளம். பக்கத்து நிலத்தில் வீட்டுமனைக்கு அளவெடுக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கையில் போன்கள், ஒரு டேப். என்ன வரிசையில் வேலை செய்வது? கல்லைக் கழுவலாமா? யாருக்கு முதலில் சொல்ல வேண்டும்?

சட்டம்_60
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபு வளச் சட்டம், பிரிவு 36. நகராட்சி நடத்தும் முறையான இடுகாட்டுக்கு வெளியே, 60 வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் குழியையும் அனுமதியில்லாமல் கலைக்கவோ, தோண்டவோ, இடம் மாற்றவோ கூடாது. குவாசுலு-நட்டாலில் இதைக் கவனிப்பது அமாஃபா என்ற மாகாண மரபு அமைப்பு. வயது தெரியாத குழியை 60க்கு மேற்பட்டது என்றே வைத்து நடப்பது வழக்கம். நிலம் யாருடையது என்பது இங்கே பொருட்டே இல்லை. சொந்தக்காரரும் தொட முடியாது.

இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, மெட்டல் டிடெக்டர். அனுமதியில்லாமல் அதை இடுகாட்டுக்குள் கொண்டு போவதே அதே பிரிவில் தடை. "சும்மா தட்டிப் பார்த்தோம்" என்பது எடுபடாது. இரண்டு, பிரிவு 38. 5,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தின் தன்மையை மாற்றும் கட்டுமானம், 300 மீட்டருக்கு மேல் நீளும் சாலை அல்லது குழாய், இவை எதுவானாலும் தொடங்கும் முன்பே மரபு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். வீட்டுமனைத் திட்டம் என்றால் 5,000 சதுர மீட்டர் என்பது சிறிய அளவு, கிட்டத்தட்ட எல்லாமே அதைத் தாண்டும். மரபு விண்ணப்பங்கள் பதிவாகும் சாரிஸ் இணையதளத்தில் அந்த நிலத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். விண்ணப்பம் ஏற்கனவே இருந்தால் உங்கள் பதிவை அந்த வழக்கு எண்ணோடு சேர்த்து அனுப்பலாம். தனிக் கடிதத்தைவிட அது பத்து மடங்கு வேகமாகக் கண்ணில் படும்.

நிலச் சொந்தக்காரரிடம் உள்ளே போக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி போதும்.

மேப்_மாமா
ஐந்து பேர் போதும். ஆனால் முதல் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் யாரும் ஒரு கல்லையும் போட்டோ எடுக்கக் கூடாது. முதலில் கயிறு.

ஏன் இப்படிக் கறாராகச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் எடுக்கப்பட்ட கல்லறைப் படங்களில் பாதிக்கு மேல் இன்று உபயோகமில்லை. படம் அழகாக இருக்கும், எழுத்து தெளிவாக இருக்கும், அந்தக் கல் எந்தக் குழியின் தலைமாட்டில் நின்றது என்பது மட்டும் இருக்காது. கல் நடக்கும் பொருள். மாடு தள்ளும், டிராக்டர் இழுக்கும், யாராவது தூக்கிப் போய் வாசற்படி ஆக்குவார்கள். குழி நடக்காது. அதனால் குழியின் இடத்தை முதலில் பிடி.

போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் தவறும், மாமரத்தடியில் 10 மீட்டரும் தவறும். பழைய குழிகள் நடுவுக்கு நடு ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் இருக்கும். ஆக, போனில் ஒவ்வொரு குழிக்கும் தனிப் புள்ளி எடுத்தால் மூன்றாம் குழி ஐந்தாம் இடத்தில் போய் விழும். போன் புள்ளி மொத்த இடுகாட்டின் மூலைக்கு மட்டும்.

வேலை இப்படி:

இடுகாட்டின் நீள வாக்கில், குழி இல்லாத ஓரமாக, 30 மீட்டர் டேப்பை இழுத்துக் கட்டுங்கள். ஃபைபர் டேப் இழுத்தால் நீளும், ஸ்டீல் கிடைத்தால் நல்லது. இதுதான் அடிக்கோடு. இதன் இரு முனையையும் அசையாத மூன்று பொருளுக்கு அளந்து வையுங்கள்: சாலை விளிம்புக் கல்லின் மூலை, மேன்ஹோல் மூடி, மின்கம்பம், பழைய மில் சுவர், எது இருக்கிறதோ அது. மரம் வேண்டாம், வெட்டிவிடுவார்கள்.

பிறகு ஒவ்வொரு குழிக்கும் இரண்டு எண்: டேப்பில் எத்தனை மீட்டரில், அதிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர் உள்ளே. தலைமாட்டுக்கு ஒரு ஜோடி, கால்மாட்டுக்கு ஒரு ஜோடி. செங்குத்துக்கு 3-4-5 முக்கோணம் போடுங்கள். கண்ணால் பார்த்துச் செங்குத்து என்று நினைப்பது 3 பாகை தவறும். 5 மீட்டர் தூரத்தில் அது 26 சென்டிமீட்டர்தான், பொறுக்கலாம். 15 மீட்டரில் 79 சென்டிமீட்டர், அதாவது ஒரு குழி அகலமே போச்சு. 5 மீட்டருக்கு மேல் உள்ளே இருந்தால் அடிக்கோட்டின் இரு புள்ளியிலிருந்தும் நேராக அளந்து முக்கோணமாகப் பிடியுங்கள்.

முடித்ததும் சோதனை: தூரத்தில் இருக்கும் இரண்டு குழிக்கு இடையே நேரடியாக டேப் போட்டு, வரைபடத்தில் வரும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் எங்கோ எண்ணைத் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். 6ஐயும் 9ஐயும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

எழுத்தே இல்லாத பள்ளத்துக்கும் எண் உண்டு. ஒருமுறை கொடுத்த எண்ணை எந்தக் காரணத்துக்கும் வேறு குழிக்குக் கொடுக்காதீர்கள். குழி இல்லை என்று தெரிந்தால் அந்த எண்ணை "ரத்து" என்று விட்டுவிடுங்கள்.

கரும்புக்காடு
மாமா சொன்னதோடு இரண்டு. கரும்பை எரித்து வெட்டிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் போங்கள். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு முளைத்து முழங்கால் உயரம் வந்தால் ஓரத்துக் குழிகள் மறைந்துவிடும். வெட்டு ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை போகும், குளிர்கால மாதங்களில் புல்லும் தாழ்ந்திருக்கும், அதுதான் சரியான நேரம். காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒருவர் ஓரமாக நின்று பார்த்தால், 10 சென்டிமீட்டர் பள்ளம்கூட நிழல் போட்டுக் காட்டும். பெட்டி மக்கி மண் இறங்கிய பள்ளம் பெரியவர்களுக்கு 1.8 முதல் 2 மீட்டர் நீளம், முக்கால் மீட்டருக்குக் குறைவான அகலம். ஒரு மீட்டருக்குக் குறைந்த பள்ளங்களைத் தள்ளிவிடாதீர்கள், அவை குழந்தைகள். தோட்டத்து இடுகாடுகளில் அவை நிறைய.

செடியை நம்பலாமா என்றால், ஓரளவு. ஈழத்தலரி மரம், கற்றாழை வரிசை இருந்தால் யாரோ நட்டது. நித்தியகல்யாணியை நம்ம ஆட்கள் சுடுகாட்டுப் பூ என்று சொல்வார்கள், ஆனால் குவாசுலு-நட்டால் கடலோரத்தில் அது ரோட்டோரத்திலும் தானே முளைக்கிறது. அதை மட்டும் வைத்து இடுகாடு என்று எழுதாதீர்கள்.

உண்ணி கடிக்கும், பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விடுங்கள். பஃப் ஆடர் பாம்பு ஓடாது, அப்படியே கிடக்கும். செங்கல் விளிம்புக்குள் கையை விடும் முன் குச்சியால் சத்தம் கொடுங்கள்.

வெருலம்_வாசி
மாமா, குழி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வைத்து இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று சொல்ல முடியுமா? போன் காம்பஸில் எல்லாக் குழியும் 115 முதல் 125க்குள் வருகிறது. எதற்கும் ஒத்துவரவில்லை.

மேப்_மாமா
ஒத்துவருகிறது. உன் காம்பஸ் காந்த வடக்கைக் காட்டுகிறது. டர்பனில் காந்த முள் உண்மை வடக்கிலிருந்து 25 பாகைக்கு அருகே மேற்கே சாய்கிறது. உலகத்திலேயே பெரிய சாய்வுள்ள மக்கள் வாழும் இடங்களில் நம்ம கடற்கரை ஒன்று. அதனால் காம்பஸ் எண்ணிலிருந்து 25 கழி: உன் குழிகள் 90 முதல் 100க்குள் இருக்கின்றன. கிழக்கு மேற்கு. போன் அமைப்பில் உண்மை வடக்கு என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டாயா என்றும் படிவத்தில் எழுது. இல்லையென்றால் நாளைக்கு இன்னொருவர் மறுபடி 25 கழிப்பார்.

இப்போது முக்கியமான இடம். கிறிஸ்தவர் குழி வழக்கத்தில் கிழக்கு மேற்கு, தலை மேற்கே. முஸ்லிம் குழியில் உடலை வலப்பக்கம் சாய்த்துக் கிப்லாவைப் பார்க்க வைப்பார்கள். இந்தியாவில் கிப்லா மேற்கே, அதனால் அங்கே குழி வடக்கு தெற்கு. இங்கே டர்பனிலிருந்து மக்கா ஏறத்தாழ வடக்கே, 10 பாகை கிழக்குச் சாய்வு. ஆகவே இங்கே முஸ்லிம் குழியும் கிழக்கு மேற்குதான், 100 பாகை அச்சு, ஆனால் தலை கிழக்கே. இந்திய அனுபவத்தை வைத்து வடக்கு தெற்குக் குழியைப் பார்த்ததும் முஸ்லிம் என்று எழுதியவர்கள் உண்டு. இங்கே வடக்கு தெற்காக, தலை தெற்கே இருந்தால் இந்துக் குழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆக, அச்சு மட்டும் போதாது, தலைமாடு எந்தப் பக்கம் என்பது வேண்டும். கல் நிற்கும் பக்கம் தலைமாடு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதே, கால்மாட்டிலும் சிலர் கல் வைப்பார்கள். "கல் மேற்கு முனையில்" என்று எழுது, முடிவை வேறு பத்தியில் எழுது. நிலத்தின் சரிவையும் கவனி, தோட்டத்துக் குழிகள் சரிவுக்கோ வேலிக்கோ இணையாகவும் வெட்டப்பட்டிருக்கும் என்பதையும் மறக்காதே.

சாட்ஸ்வொர்த்_ஆயா
எல்லாம் சரி தம்பிகளா. உள்ளே கால் வைக்கும் முன்னால் ஒரு தேங்காய், கற்பூரம், வெற்றிலை. வேலி ஓரத்தில், குழி மேல் இல்லாமல். புல் காய்ந்திருந்தால் கற்பூரத்தைத் தட்டில் வையுங்கள், கரும்பு பற்றிக்கொண்டால் எல்லோருக்கும் வினை. அந்தப் பக்கத்து ஐயாமார் யாராவது வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக யாரை இங்கே வைத்தார்கள்?" யார் முதலில் என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. கடைசியாக யார் என்பது தெரிந்திருக்கும், அதிலிருந்து பின்னால் போகலாம்.

கல்லெழுத்து
கழுவுவது பற்றி. முதலில் தட்டிப் பார்க்க வேண்டும், விரல் முட்டியால், மெதுவாக. டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால், அல்லது மேல்தோல் உரிகிறது என்றால், தண்ணீரே வேண்டாம். உறுதியான கல் என்றால் சுத்தத் தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் வழிந்து காய்ந்த கல்லில் கோடு கோடாகக் கறை பிடிக்கும். ஒரு கல்லுக்கு 5 முதல் 10 லிட்டர் பிடிக்கும். 9 கல்லுக்கு 25 லிட்டர் கேன் நான்கு எடுத்துப் போனால் கைகழுவவும் மிஞ்சும்.

செய்யவே கூடாதவை: கம்பி பிரஷ், ஜிக் ப்ளீச், ஆசிட், சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை. மாவு தடவினால் எழுத்து பளிச்சென்று தெரியும், உண்மைதான். மிச்சம் துளைகளில் தங்கி அடுத்த மழைக்குப் பூஞ்சை கிளம்பும். ஷேவிங் நுரையில் அமிலம் இருக்கிறது, பளிங்கைத் தின்னும். கற்பாசிப் படை கெட்டியாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், உரித்தால் அதோடு கல்லின் தோலும் வரும்.

உண்மையில் கழுவவே தேவையில்லை, வெளிச்சம் போதும். கல் முகத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக, 10, 15 பாகைச் சாய்வில் வெளிச்சம் விழுந்தால், நகத்தால் கீறிய ஆழம்கூட நிழல் போடும். இங்கே ஒரு சிக்கல். நம்ம பக்கம் சூரியன் வடக்கே ஓடுகிறது. கிழக்கு முகம், மேற்கு முகம் உள்ள கல்லுக்கு உச்சிவேளையை ஒட்டி ஓரவெளிச்சம் தானாக வரும். தெற்கு பார்த்த கல்லுக்குக் குளிர்காலம் முழுக்க நேர் வெயிலே கிடையாது. உங்கள் படிக்க வராத இரண்டும் தெற்கு முகமா?

வெருலம்_வாசி
அக்கா, ஆமாம்! இரண்டுமே தெற்கு பார்த்து நிற்கின்றன. எப்படித் தெரிந்தது?

கல்லெழுத்து
ஈரம் காயாமல் பாசி பிடித்திருக்கும், வெளிச்சமும் படாது, அதனால்தான். கிழக்கு மேற்குக் குழிக்கு நடுவே தெற்கு முகமாக ஒரு கல் நிற்பதே சந்தேகம், அது இடம் மாறிய கல்லாக இருக்கலாம். மாமா சொன்ன நடக்கும் கல்.

அலமாரிக் கதவில் இருக்கும் கண்ணாடி, 60க்கு 90 சென்டிமீட்டர் அளவு, ஒன்று எடுத்துப் போங்கள். ஒருவர் கல்லுக்குப் பக்கவாட்டில் வெயிலில் நின்று, வெயிலைத் திருப்பிக் கல்லின் முகத்தை உரசும்படி அடிக்க வேண்டும். இன்னொருவர் கறுப்புத் துணி பிடித்து மற்ற வெளிச்சத்தை மறைக்க வேண்டும். இடப்பக்கமிருந்து ஒரு படம், வலப்பக்கமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம். மூன்றும் கட்டாயம், ஏனென்றால் இடப்பக்க வெளிச்சத்தில் தெரியும் கால் வலப்பக்கத்தில் மறையும். தமிழில் அது கொடுமை: ப, ம, வ மூன்றும் ஒரு கோட்டின் வித்தியாசம்.

வெள்ளைப் பளிங்கில் ஈய எழுத்து பதித்திருந்து அவை உதிர்ந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஈயம் பிடித்துக்கொள்ளத் துளையிட்டிருப்பார்கள். ஆங்கில "ஐ"க்கு மேலும் கீழுமாக இரண்டு துளை, "ஓ"வுக்கு வட்டமாக. கல் முகத்தை நேராகப் படமெடுத்து, துளைகளை மட்டும் புள்ளி வைத்து வரைந்தால் பெயர் மெல்ல வரும். எழுத்து உதிர்ந்த இடத்தில் கல் கொஞ்சம் வெளிறியும் இருக்கும்.

இனி தமிழ்க் கல்வெட்டு. வெட்டியவர் தமிழ் தெரியாத கொத்தராக இருக்கலாம், யாரோ தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வெட்டியது. அதனால்:

புள்ளி இருக்காது. "கநதசாமி" என்று இருந்தால் கந்தசாமி. எழுதும்போது கல்லில் இருப்பதுபோல "கநதசாமி" என்றே எழுதுங்கள், திருத்தியது வேறு பத்தி. எ, ஏ வேறுபாடு, ஒ, ஓ வேறுபாடு பல கல்லில் கிடையாது. லை, ளை, னை, ணை நான்கும் துதிக்கை போல முன்னால் வளைந்த பழைய வடிவில் இருக்கும். றா, னா, ணா மூன்றும் காலில்லாமல் சுழி சேர்ந்து வரும். 1978 சீர்திருத்தத்துக்குப் பிந்தியதை மட்டும் படித்துப் பழகியவர்கள் அதை வேறெதுவாகவோ படிப்பார்கள்.

தேதி. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். எண் ௲௯௱௰௩ என்றிருந்தால் 1913. ௲ ஆயிரம், ௯௱ தொள்ளாயிரம், ௰ பத்து, ௩ மூன்று.

வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடச் சுற்று. ஆங்கில ஆண்டிலிருந்து 1867ஐக் கழித்து, 60ஆல் வகுத்த மீதியோடு 1 கூட்டினால் பிரபவ முதல் எத்தனையாவது என்று வரும். 1913 என்றால் 46, ஒன்று கூட்ட 47, பிரமாதீச. 1920 என்றால் 54, ரௌத்திரி. ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கப்பலான ட்ருரோ மெட்ராஸிலிருந்து டர்பன் வந்த 1860 நவம்பரும் ரௌத்திரிதான். ஆக, கல்லில் ரௌத்திரி என்று மட்டும் இருந்தால் 1860ஆ, 1920ஆ, 1980ஆ? கல்லின் பொருளைப் பாருங்கள். சிமெண்டுப் பாளம் என்றால் 1860 அநேகமாக இல்லை. தேதியோடு கிழமையும் வெட்டியிருந்தால் அதுவே தீர்த்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது தை, மாசி, பங்குனியில். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. பிரமாதீச மாசி என்றால் 1913 அல்ல, 1914 பிப்ரவரி, மார்ச்.

சமயத்தை எழுத்தே சொல்லும். சிவபதம் அடைந்தார், வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரை. இதற்கு முன்னால் திசை எல்லாம் இரண்டாம் சாட்சி.

பிராம்ஃபோன்டைன்_நடை
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து. நீங்கள் மண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், தாள் பக்கம் யாரும் போகவில்லை. நகரத்து இடுகாட்டில் தொலைந்த குழியைக் கண்டுபிடிப்பது முக்கால்வாசி பதிவேட்டு வேலை.

நல்ல உதாரணம் எனோக் சொன்டோங்கா, தேசிய கீதத்தின் முதல் பகுதியை இயற்றியவர். 1905 ஏப்ரலில் இறந்து பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் புதைக்கப்பட்டார். குழி எங்கே என்று தெரியாமல் போயிற்று. பதிவேட்டில் சொன்டோங்கா என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் எழுதியவர் "எனோக்" என்ற பெயரின் கீழ் எழுதியிருந்தார். 1996 செப்டம்பர் 24இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமானது. ஒரு பெயர் எந்த எழுத்தின் கீழ் ஏறியது என்பதுதான் மொத்தக் கதையும்.

நம்ம பெயர்களுக்கு இது நூறு மடங்கு. காமாட்சியை ஆங்கிலத்தின் "சி" எழுத்திலும் "கே" எழுத்திலும் தேட வேண்டும். குப்புசாமியும் "சி"யில்தான் பெரும்பாலும் கிடைப்பார், நடுவே இரட்டை "ஓ"வோடு. முனுசாமி மூன்சாமி ஆவார், ஆறுமுகம் ஆருமூகம் ஆவார், கவுண்டர் கவெண்டர் ஆவார். ஞானம்மா "ஜி"யிலும் இருக்கலாம், "என்"னிலும் இருக்கலாம். இன்னொன்று: கப்பல் பட்டியலில் ஆள் பெயர், அடுத்து தகப்பன் பெயர். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. அதனால் உடன்பிறந்த இருவரின் பேரப்பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயரில் படுத்திருப்பார்கள். வரிசையாக நான்கு குழி, நான்கு வேறு பெயர் என்றால் உறவில்லாதவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

பெயரைவிட உறுதியானது கொலோனியல் நம்பர். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் வந்த 1,52,184 பேருக்கும் எண் உண்டு. அந்த எண் கப்பல், ஊர், தாலுகா, சாதி, எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பது வரை இழுத்துக்கொண்டு வரும். தோட்டத்தில் நடந்த சாவை இந்தியக் குடியேற்றக் காப்பாளர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், அங்கேயும் இந்த எண்தான். உங்கள் தோட்டத்தின் அந்தக் காலப் பெயரைக் கண்டுபிடித்து அதன் வழியாகச் சாவுப் பட்டியலைப் பாருங்கள், கல்லில்லாத 31 குழிக்கும் பெயர்கள் குழுவாகவாவது கிடைக்கும். எந்தப் பெயர் எந்தக் குழி என்று கட்டாயமாகப் பொருத்தாதீர்கள். அந்த ஆசைதான் நிறையப் பதிவுகளைக் கெடுத்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர் சொத்துக் கோப்புகள் எம்எஸ்சிஇ என்ற குறியீட்டில் வரும். அதிலுள்ள மரண அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும்.

பிராம்ஃபோன்டைனுக்கு வருபவர்கள், சத்தியாகிரகத்தில் சிறை சென்று இறந்த நாகப்பன், வள்ளியம்மை நினைவுக் கற்களைப் பார்க்காமல் போகாதீர்கள். 1914 ஜூலையில் காந்தி திறந்து வைத்தவை. வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரி 22, ஞாயிறு. கல்லெழுத்து அக்கா கணக்குப்படி பிரமாதீச மாசி.

கரும்புக்காடு
ரேடார் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரியுமே, யாராவது பல்கலைக்கழகத்தில் கேட்டால் என்ன?

மேப்_மாமா
கேளுங்கள், ஆனால் எலும்பு தெரியும் என்று நினைக்காதீர்கள். தரை ஊடுருவும் ரேடார் காட்டுவது கலைந்த மண்ணை. 250 அல்லது 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, கோட்டுக்குக் கோடு அரை மீட்டருக்கு மிஞ்சாமல், குழியின் அச்சுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். அச்சோடு இணையாக ஓட்டினால் இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு குழந்தைக் குழி தப்பிவிடும். பெரியா மணல் என்று இங்கே சொல்லும் கடலோரச் சிவப்பு மணலில், களிமண் குறைவாக இருந்தால், வேலை செய்யும். களிமண் ஏறிய இடத்தில், குறிப்பாக மழைக்குப் பிறகு, ஒரு மீட்டருக்குக் கீழே ஒன்றும் வராது. பல ஆண்டு உழுத நிலத்தில் உழவு அடுக்கும் குறுக்கிடும். இரண்டு ஞாயிறில் இதற்கு நேரமில்லை.

அதைவிட மலிவானது பழைய வான்படம். கேப்டவுன் மௌப்ரேயில் இருக்கும் தேசியப் புவியியல் தகவல் அலுவலகத்தில் 1930கள் முதல் படங்கள் உண்டு. 1:30,000 அளவில் 40க்கு 25 மீட்டர் இடுகாடு படத்தில் 1.3க்கு 0.8 மில்லிமீட்டர்தான். குழி தெரியாது. கரும்பு வரிசைகள் ஒரு மரத் தீவைச் சுற்றி வளைந்து போவது தெரியும், அந்த வளைவுதான் சாட்சி. பத்து வருட இடைவெளியில் நான்கு படம் எடுத்து அடுக்கினால் தீவு எந்தப் பக்கம் சுருங்கியது என்று தெரியும். சுருங்கிய பக்கத்தில் இன்று கரும்புக்கு அடியிலும் குழி உண்டு என்று பொருள். வேலி போடும்போது இன்றைய 40 குழியைச் சுற்றி மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சர்வேயர் ஜெனரல் வரைபடத்தையும் எடுங்கள். மூலையில் எந்த அடி என்று போட்டிருக்கும், அதைப் படிக்காமல் அளக்காதீர்கள். கேப் அடி 0.3149 மீட்டர், இங்கிலீஷ் அடி 0.3048. 200 அடிக்கு 2 மீட்டர் வித்தியாசம், ஒரு முழு வரிசை தள்ளிப் போகும். 1999க்கு முந்தைய ஆயத்தொலைவுகள் கேப் டேட்டம் என்ற பழைய அளவை அடிப்படையில் இருக்கும். அதை அப்படியே கூகுள் மேப்பில் போட்டால் பக்கத்து வயலில் போய் நிற்பீர்கள்.

கேப்டவுன்_கடலோரம்
சட்டம்_60 சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2003இல் இங்கே கிரீன் பாயின்ட், பிரெஸ்ட்விச் தெருவில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது எலும்பு வெளியே வந்தது. வேலை தொடங்கிய பிறகு தெரியவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பாடம்: எதிர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் நடந்தும் எடுத்துத்தான் ஆனார்கள். 2008இல் திறந்த நினைவு மண்டபத்தில் பெட்டிகளில் இருக்கிறார்கள். வரைபடமும் குழி எண்ணும் முன்கூட்டியே அமாஃபாவின் மேசையில் இருந்தால் அளவெடுப்பவர் கோட்டைத் தள்ளிப் போடுவார். பிறகென்றால் தள்ள இடம் இருக்காது.

சட்டம்_60
சரி. இன்னொன்று, வேலை நடுவில் குழி வெளிப்பட்டால் அந்த நிமிடமே வேலையை நிறுத்திப் போலீஸுக்கும் மரபு அமைப்புக்கும் சொல்ல வேண்டும். இடம் மாற்ற அனுமதி கேட்டால் வாரிசுகளையும் சமூகத்தையும் கலந்து பேச 60 நாள் அறிவிப்பு. அந்த அறிவிப்பு ஆங்கிலத்திலும் சுலுவிலும் மட்டும் ஒட்டப்பட்டால், தமிழிலும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கல்லில் 5 தமிழ் என்பதே உங்கள் காரணம்.

நகராட்சி இடுகாடு வேறு கணக்கு. டர்பன் நகராட்சியில் குழி பத்து வருடக் குத்தகை, புதுப்பிக்காவிட்டால் மறுபடி பயன்படுத்துவார்கள். அங்கே பிரிவு 36 உங்களைக் காப்பாற்றாது.

வெருலம்_வாசி
குழி இருக்கும் இடத்தை முகநூலில் போடலாமா? வாரிசுகள் பார்த்து வருவார்கள் என்று ஒருவர் சொல்கிறார்.

கரும்புக்காடு
போட வேண்டாம். இரும்பு வேலியும் பித்தளை எழுத்தும் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

பிராம்ஃபோன்டைன்_நடை
நான் மாறுபடுகிறேன். மறைத்தால் வாரிசுக்கும் தெரியாது, அளவெடுப்பவருக்கும் தெரியாது. தெரியாத இடுகாட்டைத்தான் புல்டோசர் தள்ளும். பெயர்களைப் போடுங்கள், கல் படத்தைப் போடுங்கள், இடத்தை "வெருலம் பக்கம்" என்று மட்டும் போடுங்கள். படத்தைப் பதிவேற்றும் முன் அதிலுள்ள ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள், அசல் கோப்பில் மட்டும் இருக்கட்டும். சரியான இடம் அமாஃபாவுக்கும், வெஸ்ட்வில்லில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கும் போகட்டும். தென்னாப்பிரிக்க மரபுவழிச் சங்கத்தின் கல்லறைப் படத் திட்டத்தில் கல் படங்களைச் சேர்க்கலாம்.

சாட்ஸ்வொர்த்_ஆயா
முகநூலில் பெயரைத் தமிழிலும் போடுங்கள், ஆங்கிலத்திலும் போடுங்கள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது. பெயரைச் சொன்னால் தெரியும்.

வெருலம்_வாசி
எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படி வைக்கிறோம், தவறிருந்தால் சொல்லுங்கள். முதல் ஞாயிறு காலை 7க்கு ஓரவெயிலில் பள்ளங்களைக் குறித்து, எண் அட்டை வைத்து, அடிக்கோடும் அளவும். குழி மேல் முளை அடிக்க மாட்டோம், அட்டை மேல் கல் வைப்போம். இரண்டாம் ஞாயிறு இரண்டு ஜோடி. குழிக்கு 15 நிமிடம், 40 குழிக்கு 600 நிமிடம், இரண்டு ஜோடிக்கு 5 மணி நேரம். ஐந்தாமவர் கண்ணாடி பிடிப்பார். ஒவ்வொரு குழிக்கும் நான்கு படம்: நேர், எழுத்து, பக்கம், சுற்றுப்புறத்தோடு. எழுத்துள்ள கல்லுக்கு மூன்று பக்க வெளிச்சம் கூடுதல். 20 சென்டிமீட்டர் அளவுகோலும் எண் அட்டையும் ஒவ்வொரு படத்திலும். தெற்கு முகமாக நிற்கும் இரண்டு கல்லையும் திருப்பி வைக்க ஆசையாக இருக்கிறது, செய்யலாமா?

மேப்_மாமா
தொடாதே. சட்டத்துக்கு அது இடமாற்றம். அதோடு, இப்போது நிற்கும் இடமும் ஒரு தகவல். ஏன் திரும்பி நிற்கிறது என்பதற்கு அடியில் தடயம் இருக்கும்: பக்கத்தில் செங்கல் அடித்தளம் காலியாக இருக்கிறதா, கல்லின் அடிப்பகுதி அகலம் அதோடு பொருந்துகிறதா என்று அளந்து எழுது. கல்லுக்குத் தனி எண், குழிக்குத் தனி எண். "கல் 8, இப்போது குழி 23இன் மேல், அடிப்பகுதி 46 சென்டிமீட்டர், குழி 19இன் காலி அடித்தளமும் 46" என்று மூன்று வரி போதும், திருப்பி வைக்கும் அனுமதியை அதை வைத்து வாங்கலாம்.

நேரக் கணக்கில் எழுத்துள்ள 9 கல்லுக்கு 15 நிமிடம் போதாது, 35 வை. அதனால் மூன்று மணி நேரம் கூடும், ஜோடிக்கு ஒன்றரை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், எழுத்துக் கற்களை உச்சிவேளையைச் சுற்றி முதலில் முடித்துவிடு.

கல்லெழுத்து
கண்ணாடி இரண்டு கொண்டு போங்கள். கட்டாயம் ஒன்று உடையும்.